ஓதம் ஏறும் சுவரில் சிமெண்ட் பூசி மூன்றரை லட்சம் போன கணக்கு

தாமிரபரணிக் கரை ஊர்களில் பழைய வீடு வாங்க நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்க்கப் போகாதீர்கள். நான் போனது 2023 ஏப்ரலில். ஊர் கல்லிடைக்குறிச்சி. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், தார்சா, அடுக்களை, கிணறு, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் வரிசை வீடு. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், ஏறினால் மேற்கே பொதிகை. வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஆறு, அக்கரையில் அம்பாசமுத்திரம். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சுக்காகக் காய்ந்திருந்தது. அந்த ஒரு தொடுதலை நம்பி எடுத்த முடிவுகளுக்கு மூன்றரை லட்சம் ரூபாயும் பதினான்கு மாதமும் போயின. போன பணத்தைவிட, யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமைதான் அதிகம். அதனால் சொல்கிறேன்.

சுவர் காய்ந்திருந்தது சுவரின் குணம் இல்லை, மாதத்தின் குணம். ஊரை ஒட்டிக் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. அணையில் தண்ணீர் இருந்தால் கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். பின்னால் அடுத்த நெல் போகமான பிசானத்துக்கு. அது அறுவடையாகி மார்ச் கடைசிவாக்கில் அடைப்பார்கள். ஆக, ஏப்ரலும் மேயும்தான் இந்த ஊரின் மண் உண்மையில் காயும் நாட்கள். கால்வாய் திறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் என் கிணற்றில் தண்ணீர் நாலடி ஏறுகிறது. கிணற்றில் ஏறுவது சுவரிலும் ஏறும். பழைய சுவர்களின் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. செங்கல் விளக்குத்திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். ஊர்க்காரர்கள் இதை ஓதம் என்கிறார்கள். “ஓதம் அடிக்குமா?” என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமல் வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியிலோ நவம்பர் நடுவிலோ போய்ப் பார்ப்பது உத்தமம். கோடையில்தான் லீவு கிடைக்கும் என்றால் சுவரில் தடயம் தேட வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு அலையலையாக ஓடும். விற்பதற்காக வெள்ளையடித்திருந்தால் அது மறைந்திருக்கும். ஆனால் பீரோவுக்குப் பின்னால் யாரும் அடித்திருக்க மாட்டார்கள், நகர்த்தச் சொல்லுங்கள். வாசல் நிலையின் அடிக்கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல தேக்கு என்றால் முனை வழுக்கும். உளுத்திருந்தால் அரை அங்குலம் உள்ளே போகும். தரையில் சுவரோரம் மாவு கொட்டியது போல் வெள்ளைத் தூள் இருந்தால் அது உப்பு, சுண்ணாம்பு இல்லை. கடைசியாக, வீட்டுக்காரர் உடன் இல்லாதபோது பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். தண்ணீர் வந்த தெரு என்றால் வயதானவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். எந்தத் தரகரும் தராத தகவல் அது.

பத்திர வேலையை நீட்டி எழுதினால் அதுவே தனிக் கதையாகிவிடும். இந்த வகை ஊர்களுக்கே உரிய மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, அடிமனை. கோயில் தெருக்களில் வீடு ஒருவருடையதாகவும் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாகவும் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிவந்திருப்பார்கள். விற்பவரே அதை மறந்திருப்பார். அறநிலையத்துறை அனுமதியில்லாமல் அந்த மனையை விற்க முடியாது, பதிவும் ஆகாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நில அளவைப் பதிவேட்டில் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, வாரிசுகள். இந்த வீடுகளின் பிள்ளைகள் சென்னை, மும்பை, அமெரிக்கா என்று போய் இரண்டு தலைமுறை ஆகிறது. பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், கையெழுத்துப் போட ஒன்பது பேர் இருப்பார்கள். எட்டுப் பேர் போட்டால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மூன்றாவதில்தான் நான் மாட்டினேன்: ஒத்தி, அதாவது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வட்டிக்குப் பதிலாக வீட்டில் குடியிருக்க விடுவது.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. இணையத்தில் 1975-லிருந்து எடுத்துப் பார்த்தேன், ஒரு அடமானம் இல்லை. ஆனால் புறவாசல் பக்கத்து இரண்டு அறையில் ஒரு குடும்பம் ஒன்றரை லட்சம் ஒத்திக்கு இருந்தது, வெறும் பத்திரத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தில். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவானால்தான் சட்டப்படி செல்லும் என்பது உண்மைதான். அதற்காக, பணம் கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களா? அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. விற்றவர் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க, மீதிக்கு நான் நாற்பதாயிரம் போட வேண்டியதாயிற்று. (இது மூன்றரை லட்சத்தில் சேரவில்லை.) பதிவுச் செலவுக்கு முத்திரைத்தீர்வை ஏழு சதவீதமும் பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதமும் எடுத்து வைப்பவர்கள், வீட்டில் யார் எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

மே மாதம் ஒப்பந்தக்காரர் ஒருவரைப் பிடித்தேன். புது வீடுகளில் நல்ல பெயர் எடுத்தவர், அவர் மேல் குற்றமில்லை. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு உள்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூச்சு: 1,10,000. அதன்மேல் புட்டி, பெயின்ட்: 65,000. தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த பழைய தரையை மூடி டைல்ஸ்: 85,000. தட்டட்டியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு: 48,000. மொத்தம் 3,08,000. ஜூன் நடுவில் வீடு பளபளவென்று இருந்தது. நானும் நாலு பேருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஜூன் என்றதும் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவம் மலையில் கொட்டும்போது ஊரில் வெறும் காற்றும் சாரலும்தான் இருக்கும், சில நாள் சுள்ளென்று வெயிலே அடிக்கும். வெளியூர்க்காரர்கள் அந்த வெயிலைப் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்குகிறார்கள். இங்கே வானத்தைப் பார்க்கக் கூடாது, தண்ணீரைப் பார்க்க வேண்டும். தெளிந்து ஓடிய ஆறு கலங்கினால், சருகும் நுரையும் சேர்ந்து வந்தால், படித்துறையில் உட்கார்ந்திருந்த படி மூழ்கினால் துணியைக்கூட எடுக்காமல் ஏறிவிடுங்கள். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடக்கும் இடம் கசம், ஆழம். நீச்சல் தெரியும் என்பது கசத்தில் செல்லாது. உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்காத இடத்தில் இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் சுவர் பேச ஆரம்பித்தது. முதலில் தார்சாவில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் பெயின்ட் கொப்பளித்தது. விரலால் அழுத்தினால் புட்டி பொலபொலவென்று உதிர்ந்தது, உள்ளே பஞ்சு மாதிரி உப்பு. பழைய கோடு இரண்டரை அடியில் இருந்தது. புதுக் கோடு நாலரை அடிக்கு ஏறிவிட்டது. ஒப்பந்தக்காரர் வந்து சுரண்டிவிட்டு, ஈரம் தடுக்கும் கெமிக்கல் கலந்து மறுபடி பூசினார். மூன்றே வாரத்தில் அந்த ஒட்டுக்கு மேலே ஒரு புதுக் கொப்பளம். நவம்பரில் தட்டட்டி. வாட்டர்ப்ரூஃப் பூச்சு எங்கேயும் கிழியவில்லை. ஆனாலும் உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையில் சொட்டியது. இரவில் பாத்திரம் வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்த நாட்களில், வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கே போய்விடலாம் என்று தோன்றாத நாள் இல்லை.

டிசம்பர் 17, 18 எப்படி இருந்தது என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. அணைகள் எல்லாம் நிரம்பி வழிந்து ஆறு இரு கரையும் புரண்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான், அதுவும் ஒரு ராத்திரி. மின்சாரமும் செல்போனும் போய்விட்டன, திரும்பி வர நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டவை: கிணற்று மோட்டாரைத் தரையோடு வைக்காமல் மூன்றடி மேடை கட்டி வைக்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டி இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். பத்திரங்கள் பிளாஸ்டிக் டப்பாவில் மச்சில். ஆயிரம் ரூபாயாவது சில்லறை நோட்டாகக் கையில், ஏனென்றால் போனில் பணம் அனுப்ப முடியாது. டார்ச்சுக்கு மாற்று பேட்டரி. மற்றபடி அரிசியும் பருப்பும் பக்கத்து வீட்டு மைனி கொடுத்தார்கள். இந்த ஊரில் அது ஒரு சேமிப்பு.

வெள்ளம் தொட்ட கிணற்றை அப்படியே சேந்திக் குடிக்கக் கூடாது. முதலில் கலங்கல் நீரை இறைத்து வெளியேற்றுங்கள். முற்றாக வற்ற வைக்க வேண்டாம். வெளியே மண் ஊறிக் கிடக்கும்போது கிணற்றைக் காலி செய்தால் உறை உள்ளே சரியலாம். தண்ணீர் தெளிந்ததும் அளவு கணக்கிடுங்கள்: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர். என் கிணறு ஒன்றரை மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர். ஏறக்குறைய 5,300 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது சாதாரண அளவு. அதன்படி 13 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு இது போதாமல் போகலாம், சுகாதாரப் பணியாளர் வந்தால் குளோரின் சோதித்துச் சொல்வார். பவுடரை அப்படியே தூவினால் பாதி வீண். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள். ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் எடுக்க வேண்டும். திறந்து பல மாதமான பவுடர் பாக்கெட்டில் குளோரின் மிச்சம் இருக்காது.

ஜனவரியில், பக்கத்துத் தெருவில் கோயில் மதில் வேலைக்கு வந்திருந்த ஒரு பெரியவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். எழுபது வயதிருக்கும். சுவரைத் தட்டினார், கரண்டி முனையால் சிமெண்டை ஒரு இடத்தில் நெம்பி உள்ளே விரல் விட்டார். “தம்பி, இது வேர்க்குற சுவரு. நீங்க அதுக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டுட்டு ஏன் வேர்க்குதுன்னு கேக்கீய” என்றார். எட்டு மாதம் யாரும் எனக்கு விளக்காதது அந்த ஒரு வரியில் இருந்தது. சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் வந்த வழியே ஆவியாகப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. போக இடமில்லாத ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறுகிறது. போகிற வழியில் செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு போய்ப் பூச்சுக்குப் பின்னால் படிக வைக்கிறது. உப்பு படிகமாகும்போது பருக்கும், பூச்சைத் தள்ளிவிடும். தரையில் நான் பதித்த டைல்ஸ் அடுத்த தப்பு. முன்பு தரை வழியாகவும் கொஞ்சம் ஈரம் போய்க்கொண்டிருந்தது. அதையும் மூடியதும் மொத்தமும் சுவருக்குத் திரும்பியது.

திருத்தும் வேலை இடிப்பதில்தான் தொடங்கியது. சிமெண்டையும் புட்டியையும் அகற்ற 42,000 ரூபாய், பதினொரு நாள். முன்செலவோடு சேர்ந்து அங்கேதான் மூன்றரை லட்சம் ஆகிறது. ஈரக் கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டடி வரை அகற்ற வேண்டும், கோட்டோடு நிறுத்தினால் ஓதம் எஞ்சிய சிமெண்டின் விளிம்பில் போய் நிற்கும். கொத்தும்போது டிரில் மெஷின் வேண்டாம், பழைய செங்கல் பிளந்துவிடும், உளியும் சிறு சுத்தியலும் போதும். வெளியே தெரியும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, தூளைப் பெருக்கி, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள். சுவர் முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தால் ஒன்றரை அடிச் சுவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். சுண்ணாம்புக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சொட்டாமல் இருந்தால் போதும்.

இந்த இடைவெளியில் சுண்ணாம்பை நீற்றிவிட வேண்டும். நாங்கள் வாங்கியது கிளிஞ்சல் சுண்ணாம்பு. பூச்சு வேலைக்கு அதுதான் வெண்ணெய் மாதிரி வரும். நீற்றாத கட்டியாகவே வாங்குங்கள். மூட்டையில் தூளாக வருவது எத்தனை நாள் காற்றில் கிடந்தது என்று தெரியாது. நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தொட்டி சிமெண்ட் தொட்டியாகவோ இரும்பு டிரம்மாகவோ இருக்கட்டும், கொதிக்கும் சூட்டில் பிளாஸ்டிக் டிரம் இளகிவிடும். குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கொதித்து அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரமாவது ஊற விடுங்கள். அவசரப்பட்டால் நீறாத குருணை பூச்சுக்குள் மாட்டி, மாதங்கள் கழித்து அம்மைத் தழும்பு போலப் பொட்டுப் பொட்டாகப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு இரண்டரைப் பங்கு மணல். மணல் சலித்ததாக, கையில் அள்ளிப் பிழிந்தால் மண் ஒட்டாததாக இருக்க வேண்டும். கடுக்காயை நசுக்கி நாலைந்து நாள் ஊறவைத்த நீரும் கரைத்த கருப்பட்டியும் சேர்ப்பது பெரியவரின் கணக்கு. நூறு கிலோ சுண்ணாம்புக்கு நாலு கிலோ கடுக்காய், நாலு கிலோ கருப்பட்டி. ஆளுக்கு ஆள் இது மாறும். கருப்பட்டி கூடிப்போனால் எறும்பு வரும் என்பதை அனுபவத்தில் பார்த்தேன். பூசுவதற்கு முந்தின நாளும் அன்று காலையும் சுவரை நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் பூச்சின் நீரை உறிஞ்சிவிட்டால் பிடிக்காது. முதல் பூச்சு அரை அங்குலத்துக்குள், ஒரு வாரம் பத்து நாள் விட்டு இரண்டாவது கால் அங்குலம். ஒரே தடவையில் முக்கால் அங்குலம் அப்பினால் வெடிக்கும். நேர் வெயில் படும் சுவருக்கு நனைத்த சாக்குப் படுதா கட்டினோம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. தையிலிருந்து பங்குனிவரைதான் இந்த ஊரில் சுண்ணாம்பு வேலைக்கு ஏற்ற காலம்.

கவனிக்க வேண்டிய ஒரு திருட்டு உண்டு. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அதற்குப் பொறுமையில்லாத இளைய கொத்தனார்கள் கலவையில் ரெண்டு சட்டி சிமெண்டைப் போட்டுவிடுவார்கள். நாம் காபி வாங்கப் போகும் நேரம் போதும். மறுநாள் காலை பூச்சில் நகத்தால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் கோடு விழும், சிமெண்ட் சேர்ந்திருந்தால் நகம் தேயும். எனக்கு ஒரு சுவர் அப்படி வந்து, பிரித்து மறுபடி பூசினோம். எல்லாம் முடிந்து மேலே மூன்று கை வெள்ளை, மூன்றும் மோர் பதத்தில் மெல்லியதாக. இதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். சுவர் வேலைக்கு மட்டும் ஆள் கூலியும் பொருளும் சேர்த்து 2,10,000. முதலிலேயே இதைச் செய்திருந்தால் அந்த முதல் தொகை மிச்சமாகியிருக்கும்.

தட்டட்டி கட்டைக்குத்து மச்சு. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த கூரை. இதைப் பார்த்ததும் ஒரு இன்ஜினியர், மேலே நாலு அங்குலக் கான்கிரீட் போட்டுவிட்டால் கவலையில்லை என்றார். நாலு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ. நூறு வருஷக் கட்டையின் தலையில் அதை ஏற்றுவதா? அதேபோல், ஒழுகல் கண்டுபிடிக்கத் தண்ணீர் தேக்கி வைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நாலு அங்குலத் தண்ணீரே நூறு கிலோ. எங்கள் ஒழுகலுக்குக் காரணம் நடுவில் இல்லவே இல்லை. கைப்பிடிச் சுவரின் மூலையில் முளைத்திருந்த ஒரு அரசங்கன்று. வாட்டர்ப்ரூஃப் ஆட்கள் தண்டை வெட்டிவிட்டு அதன்மேலேயே பூசிப் போயிருந்தார்கள். வேர் உயிரோடு செங்கல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது, மழைத்தண்ணீர் அந்த வேரைப் பிடித்துக்கொண்டே இறங்கி உத்தரத்தின் முனைக்குப் போனது. அந்தப் பூச்சு தண்ணீரை உள்ளே விடவில்லை என்பது பாதி உண்மைதான், உள்ளே போனதை வெளியேயும் விடவில்லை. சுவருக்குள் செருகியிருந்த இரண்டு கட்டைகளின் முனை கறுத்துப்போயிருந்தது. ஒன்றுக்கு இரும்புத் தாங்கு கொடுத்தோம், ஒன்றை மாற்றினோம். பூச்சை உரித்து, மூலையைப் பிரித்து வேரை நுனிவரை இழுத்தெடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி போட்டு அடித்து, தூம்பு (மழைநீர் வெளியேறும் துளை) பக்கமாக வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதித்தோம். வருஷம் ஒருமுறை ஆவணியில் மேலே ஏறி, முளைத்திருக்கும் கன்றுகளை வேரோடு பிடுங்கித் தூம்பைக் குத்திவிட்டால் பெரிய செலவு வராது. வரிசை வீடு என்பதால் பக்கத்து வீட்டுத் தூம்பையும் அவர்களிடம் சொல்லிவிட்டு நாமே குத்திவிடலாம். பொதுச்சுவரில் இறங்கும் தண்ணீருக்கு எல்லை தெரியாது.

கறையானுக்கு மருந்தடிப்பவர்கள் குளோர்பைரிபாஸ் இருபது சதவீத மருந்தை ஒரு லிட்டருக்குப் பத்தொன்பது லிட்டர் தண்ணீர் என்று கலந்து, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு இறக்குவார்கள். முறை சரிதான். ஆனால் இந்த வீடுகளில் கிணறு அடுக்களையை ஒட்டி இருக்கிறது, கால்வாய் ஓடும்போது நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கிறது. கிணற்றை ஒட்டிய பகுதியில் நான் விடவில்லை. அங்கே மண்கூட்டைத் தட்டிவிட்டு, நிலைக்கட்டைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். அந்த எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துவிடும், ஜாக்கிரதை. தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள், குரங்கு திறந்து குளித்துவிட்டுப் போகும். டிஷ் ஆன்டெனாவைப் பற்றி நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

டைல்ஸை முழுக்கப் பெயர்க்கப் பணம் இல்லை. சுவரோரமாக ஓரடி அகலத்துக்கு மட்டும் பெயர்த்து, அந்த இடத்தில் சுண்ணாம்பில் தட்டோடு பதித்திருக்கிறோம். பார்க்க வேட்டிக் கரை மாதிரி இருக்கிறது. ஈரம் அந்த வழியாகப் போகிறது. அடுக்களையின் மேற்குச் சுவரில் இன்றும் கால்வாய் திறந்து இரண்டு வாரத்தில் இரண்டடி உயரத்துக்கு உப்பு பூக்கிறது. பங்குனியில் அதைப் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, டிரம்மில் மிச்சமிருக்கும் களியில் இரண்டு கிலோ கரைத்து அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கிறேன். அரை நாள் வேலை.